உப்பு பார்க்காத கிழங்கு

அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது கோபம். அப்பாவிடமிருந்து வந்தது மரச்சீனிக்கிழங்கு, மற்ற ஊர்களில் சொல்லும் மரவள்ளி, மயக்கும் பக்குவம். இந்த இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து அப்பாவுக்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நினைத்தால் இப்போதும் கை கூசுகிறது.

எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்துக்கு இந்தப் பக்கம், கடலிலிருந்து நாலாவது வீடு. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மா விடிந்ததும் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கருங்கல் சந்தைக்குப் போய்விடுவாள். கடல் அடித்துக் கிடக்கும் ஆடி ஆவணியில் கட்டுமரத்தில் போகும் அப்பாவுக்குத் தொழில் இருக்காது. சும்மா இருக்கிற மனிதரும் அல்ல. அதனால் அந்த மாதங்களில் அடுப்படி அவருடையது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு சமையல்தான். ஆனால் அதை அவர் செய்கிற மாதிரி எங்கள் கரையில் எவரும் செய்ததில்லை. இதை நான் மகள் என்பதால் சொல்லவில்லை, தின்றவர்கள் எல்லாரும் சொன்னது.

கிழங்கைத் தோலுரித்துக் கொத்தி, வெள்ளம் தாராளமாக வைத்து வேகவிடுவார். வெந்ததும் அந்த வெள்ளத்தைக் கொட்டிவிட்டு, அரைமூடித் தேங்காயில் பாதியை மட்டும் துருவுவார். மீதிப் பாதி மறுநாளைக்கு. காந்தாரி மிளகு என்கிற குட்டி மிளகாய், சீரகம், இரண்டு பல் பூண்டு, கொஞ்சம் மஞ்சள் சேர்த்து அம்மியில் ஒன்றிரண்டாகச் சதைத்துப் போடுவார். உடைந்துபோன துடுப்பின் அடித்துண்டைச் செதுக்கி ஒரு கட்டை வைத்திருந்தார். பானையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையால் கிழங்கை ஒரு கட்டி இல்லாமல் குழைப்பார். அதற்குத்தான் எங்களிடத்தில் மயக்குவது என்று பேர். கடைசியில் சுட்ட நெத்தோலிக் கருவாட்டைக் கையால் நொறுக்கித் தூவுவார். கருவாடு என்னவோ ஒரு பிடிதான். அதில் அப்பா, அம்மா, அண்ணன்மார் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேருக்கு வயிறு நிறைந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகு உப்பு பார்க்க வேண்டும். அது எனக்கும் அவருக்கும் மட்டும் உள்ள சோலி. சூட்டோடு ஒரு நுள்ளு எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைப்பார், இன்னொரு நுள்ளு அவர் உள்ளங்கையில். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயில் போட வேண்டும்.

“எப்பிடி மக்கா?”

“கொள்ளாம்ப்பா.”

அவரும் கொள்ளாம், நன்றாயிருக்கிறது என்றால் பானையை இறக்கலாம். அவருக்கு உப்பு தப்பி நான் பார்த்ததே கிடையாது.

பிறகு நான் படித்தேன், ஆசிரியை ஆனேன், கல்யாணமும் ஆயிற்று. என் கணவர் ஆழ்கடலுக்குப் போகும் விசைப்படகில் தொழில் செய்கிறவர். போனால் இருபத்தைந்து நாள், ஒரு மாதம் ஆகும். அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார். அண்ணன்மார் இருவரும் கல்ஃபில் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒரே மகள். அவள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய் இரண்டு வருடமாகிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு புயலில் என் கணவர் போன படகு காணாமல் போனது. பதினோரு நாள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதவும் வராது. பன்னிரண்டாம் நாள் கொச்சிப் பக்கம் கரையேறிவிட்டார்கள் என்று போன் வந்தது. மறுநாள் அவர் வீட்டுக்குள் காலை வைத்தபோது அப்பா அடுப்படியில் கிழங்கு மயக்கிக்கொண்டிருந்தார். வீடு முழுக்க ஆட்கள். எல்லாருக்கும் அப்பாவே விளம்பினார். “நீங்களும் இருங்கப்பா” என்று நான் சொன்னதும், “நான் பொறவு தின்னுக்கிடுதேன்” என்றதும் நினைவிருக்கிறது. பிறகு தின்றாரா என்று யார் பார்த்தார்கள்? நான் என் கணவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகும் அப்பா கிழங்கு மயக்கினார், அதுவும் என் கணவர் கரைக்கு வரும்போதெல்லாம். எங்களுக்கு விளம்பிவிட்டு, தான் பொறவு தின்பதாகச் சொல்வார். ஆனால் உப்பு மட்டும் தப்ப ஆரம்பித்தது. மகள் வீட்டில் இருந்தால் அவளைக் கூப்பிட்டு உப்பு பார்க்கச் சொல்வார். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு சொல்லவே வேண்டாம். ஒருநாள் உப்பே இருக்காது, இன்னொரு நாள் வாயில் வைக்க முடியாது. நான் சும்மா இருப்பேனா? ஒருநாள் எல்லாரும் இருக்கும்போதே, “அப்பாக்கு நாக்கு செத்துப்போச்சி” என்றேன். என் கணவர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார்.

“ஆமா மக்கா, வயசாச்சுல்லா” என்றார்.

இந்த வருடம் மாசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. ‘ம்ம்’ என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: “வெறும் தண்ணி மாதிரி குடுத்தா பொறையேறும். கட்டியும் இருக்கக் கூடாது. மசிச்சு, கூழ் பதத்துல குடுங்க.” எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என் அப்பா காலமெல்லாம் செய்த பண்டத்தை அல்லவா இந்த மனிதர் சொல்கிறார்!

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. என் கணவர் கடலுக்குப் போய் நாலு நாள் ஆகியிருந்தது. அப்பாவோடு நான் மட்டும். முதல் நாளே கருங்கல் சந்தையில் நல்ல கிழங்காகப் பார்த்து வாங்கிவந்தேன். மிளகைக் குறைத்தேன், கருவாட்டைப் பொடித்துச் சலித்துச் சேர்த்தேன், கஞ்சிவெள்ளம் விட்டு இளக்கினேன். அப்பாவின் துடுப்புக்கட்டையால்தான் மயக்கினேன். உப்பு பார்த்தேன். கொள்ளாம்.

கிண்ணத்தைக் கண்டதும் அப்பா இடது கைப் பெருவிரலால் உதட்டின் மேல் சிலுவை போட்டார். சாப்பாட்டுக்கு முன் செபம் சொல்கிறார் என்று நினைத்தேன். கரண்டியை நீட்டினேன். வாயைத் திறக்கவில்லை. கை கதவுப் பக்கம் போயிற்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் என் கணவரின் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

“அவரு வருவாருப்பா. இன்னும் நாள் கெடக்கு. நீங்க தின்னுங்க.”

‘ம்ம்’ என்று தலையை ஆட்டினார். நான் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் வாய் திறக்கவில்லை.

காலையில் கஞ்சி கொடுத்தால் குடிக்கிறார். மசித்த பழம் கொடுத்தால் தின்கிறார். முட்டை இறங்குகிறது. கிழங்கைக் கண்டால் மட்டும் உதட்டில் சிலுவை, சட்டையைப் பார்த்துக் கை, பிறகு பூட்டிய வாய். கருவாட்டு வாடை பிடிக்கவில்லையோ என்று கருவாட்டை விட்டேன். பூண்டை விட்டேன். மூன்றாம் நாள் எனக்கு மனம் வெந்துவிட்டது. வெறும் கஞ்சி இறங்குகிறது, அவர் சொல்லித்தந்த கிழங்கை நான் மயக்கினால் மட்டும் இறங்காதா? அவ்வளவு கேவலமாகவா வைத்திருக்கிறேன்?

“போதும் செபம். வாயத் தொற” என்றேன். அப்பாவை அதற்கு முன் ஒருநாளும் ‘நீ’ என்று பேசியதில்லை.

அவர் திறக்கவில்லை. நான் இடது கையால் அவர் தாடையைப் பிடித்தேன். கன்னத்தை இரண்டு பக்கமும் அமுக்கினால் வாய் திறக்கும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இப்படித்தான் மருந்து கொடுத்தேன். திறந்தது. கரண்டியை உள்ளே வைத்தேன். விழுங்கினார். கண்ணில் நீர் வந்தது. காந்தாரி உறைக்கிறது என்று நினைத்து மறுநாள் இன்னும் குறைத்தேன்.

அப்படியே நடந்தது. தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம். சில நாள் அமுக்க வேண்டியிருந்தது, சில நாள் அவரே தளர்ந்துபோய்த் திறந்தார். பழகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டேன். போனில் அண்ணனிடம் பெருமையாகச் சொன்னேன்: “நான் குடுத்தா திங்காம முடியுமா?”

ஒருநாள் மத்தியானம் அப்பாவின் கூட்டாளி வந்தார். இரண்டு பேரும் ஒரே கட்டுமரத்தில் தொழில் செய்தவர்கள். எனக்கு மாமா முறை. குளச்சலில் மகள் வீட்டில் இருக்கிறார். முட்டு வலியோடு பஸ் மாறி ஏறி வந்திருந்தார். நான் அப்பாவின் கட்டிலில் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தேன். மாமா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.

“ஏட்டி, அது என்னது?”

“கிழங்கு மயக்குனது மாமா. அப்பாக்குப் பிடிச்சதுல்லா. பாருங்க, வாயத் தொறக்கதுக்கு என்ன பாடு படுத்துதாருன்னு.”

மாமா கிண்ணத்தை என் கையிலிருந்து பிடுங்கிவிட்டார்.

“எத்தன நாளாக் குடுக்க?”

“பதினஞ்சு பதினாறு நாளாச்சு.”

“அடப் பாவி மட்டை! அவன் அது நேர்ச்சையா விட்டதுல்லா!”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இனி மறைத்து என்ன பிரயோசனம் என்று மாமா நினைத்திருப்பார், சொல்லிவிட்டார்.

“ஒம் மாப்பிள்ளையக் காணாம நாங்க கரையிலயே கெடந்தோம்லா, அப்போ கோயில் கொடிமரத்தப் பிடிச்சுக்கிட்டு நேந்திருக்கான். மருமவன் உசிரோட கரையேறுனா, நான் சாவது வரைக்கும் கிழங்கு தொடமாட்டேன்னு. எனக்கே தெரியாது. பொறவு ஒரு கல்யாண வீட்டுல பக்கத்துல பக்கத்துல இருந்தோம். கிழங்கும் மீனும் வச்சானுவ. இவன் தள்ளி வச்சான். கிழங்குன்னா உசிர விடுதவன் தள்ளி வச்சா நான் விடுவேனா? நோண்டி நோண்டிக் கேட்டேன். மகளிட்டச் சொல்லிராத, சொன்னா பலன் போயிரும்னான்.”

பிடித்த பண்டத்தைக் கடவுளுக்கென்று விட்டுவிடுவது எங்கள் கரையில் புதிதில்லை. ஒருவர் சாயா குடிக்க மாட்டார், இன்னொருவர் இறைச்சி தொட மாட்டார், ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. எல்லாம் தெரிந்த விஷயம்தான். என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், அத்தனை வருடம் ஒரு மனிதர் தனக்குப் பிடித்த ஒரே பண்டத்தைத் தன் கையால் மயக்கி எங்களுக்கு விளம்பிவிட்டுத் தான் தொடாமல் இருந்திருக்கிறார். நான் நாக்கு செத்துப்போச்சு என்று கேலி பேசியிருக்கிறேன். உப்பு பார்த்தால் நேர்ச்சை போய்விடும், அதனால் அவர் பார்க்கவில்லை.

உதட்டில் சிலுவை போட்டது செபமில்லை, நேர்ச்சை என்பது அப்போதுதான் புரிந்தது. சட்டையைக் காட்டியதும் மருமகன் எப்போது வருவார் என்று கேட்பதற்காக இல்லை. என் கணவர் அந்த நேரம் நடுக்கடலில் இருந்தார். நான் ஒவ்வொரு கரண்டியாக அப்பாவின் வாயில் திணிக்கும்போது, அந்தக் கரண்டி மருமகனின் உயிருக்கு என்ன செய்யும் என்று நினைத்துத்தான் அவர் அழுதிருக்கிறார். சொல்ல வாய் இல்லை. தடுக்கக் கை இல்லை. இருந்த ஒரு கையையும் நான் என் முழங்காலால் அமுக்கிப் பிடித்திருந்த நாட்கள் உண்டு.

“அய்யோ மாதாவே, நான் என்ன செய்துட்டேன்” என்று அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அப்பாவும் அழுதார். மாமா, “சொல்லாம இருந்திருக்கணுமோ” என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

அன்று மத்தியானத்திலிருந்து அப்பா எதையுமே தின்னவில்லை. கஞ்சிக்கும் வாய் திறக்கவில்லை, பழத்துக்கும் திறக்கவில்லை. தண்ணீரில் நனைத்த துணியால் உதட்டைத் துடைத்தால் அதையும் பல்லைக் கடித்துத் தள்ளினார். பரிகாரமாக உபவாசம் இருக்கிறாரா, மறுபடியும் நான் கிழங்கைக் கலந்துவிடுவேன் என்று பயப்படுகிறாரா, என் மேல் கோபமா? கேட்டால் கண்ணை மூடுகிறார். டாக்டருக்குப் போன் செய்தேன். நாளை மறுநாள் வரை பாருங்கள், இல்லையென்றால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டும் என்றார். மறுபடி கன்னத்தை அமுக்கலாம். எப்படி என்றுதான் எனக்குத் தெரியுமே. கை அவர் முகத்துக்கிட்டே போகவில்லை.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் எடுக்கிறவள். காற்றழுத்தத் தாழ்வு எப்படி உருவாகிறது என்று கரும்பலகையில் படம் வரைந்து காட்டுகிறவள். ஒரு கிண்ணம் கிழங்குக்கும் கடலில் நிற்கும் படகுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அந்த இரண்டு நாளும் போனில் வானிலையைத் திறந்து திறந்து பார்த்தேன். அவருடைய போன் அந்த இடத்தில் எடுக்காது என்று தெரிந்தும் அடித்துக்கொண்டே இருந்தேன். வெப்ராளம் வந்து அடுப்படியில் போய் நின்றால், அங்கே மிச்சக் கிழங்கு மூலையில் கிடந்தது. எடுத்துத் தூரப் போடவும் பயமாக இருந்தது.

இரண்டாம் நாள் காலை பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தேன். சின்ன வயதுக்காரர், நல்ல மனிதர். அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்: “தெரியாம நடந்தது பாவமில்ல தாத்தா. நீங்களா ஒண்ணும் முறிக்கல. அந்த நேர்ச்சையிலருந்து நான் உங்கள விடுவிக்கிறேன். கடவுள் கணக்குப் பாக்குறவர் இல்ல. கஞ்சி குடிங்க.” அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியார் முற்றத்தில் வந்து செருப்பைப் போட்டுக்கொண்டே, “இதுக்கு மேல நான் என்னம்மா செய்ய?” என்று என்னையே கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எதன் மேலும் கோபம் வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சாயங்காலம் அப்பாவின் உதடு வெடித்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்தேன். என்ன சொல்லப் போகிறேன் என்று யோசித்துவைத்திருக்கவில்லை.

“அப்பா, அவரு ஒங்களுக்கு மருமவன்தான். எனக்கு மாப்பிள்ளை. அந்த நேர்ச்சை எனக்குள்ளது. அத எங்கிட்டத் தாங்க. இனி நான் கிழங்கு தொடமாட்டேன். மயக்குவேன், விளம்புவேன், வாயில வைக்கமாட்டேன். யாருகிட்டயும் சொல்லவும்மாட்டேன்.”

அப்பா கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். இவளுக்குக் கிழங்கு எவ்வளவு பிடிக்கும் என்று யோசித்தாரோ என்னவோ. பிறகு இடது கை மெதுவாக எழும்பியது. பெருவிரலால் என் உதட்டின் மேல் சிலுவை போட்டார். அது மூக்கிலும் தாடையிலும் இழுபட்டது. நான் கஞ்சியை எடுத்துவந்தேன். வாயைத் திறந்தார்.

அந்தப் பதினைந்து பதினாறு நாள் கரண்டிகள் எந்தக் கணக்கில் போயின என்று எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அதற்குப் பிறகும் அவர் கதவுச் சட்டையைப் பார்ப்பதை விடவில்லை. நானும் பார்த்தேன். யாருகிட்டயும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தவள் இப்போது இதை எழுதுகிறேன். எழுதுவதும் சொல்வதில் சேருமா? என் கணவர் நான் எழுதுவதைப் படிக்கிறவர் இல்லை. அந்தத் தைரியம்தான்.

அப்பா மறுபடி வாய் திறந்த ஒன்பதாம் நாள் மத்தியானம் என் கணவர் வந்தார். முகம் கருத்து, தாடி வளர்ந்து, முழுசாக வந்தார். நேரே அப்பாவின் கட்டிலுக்குப் போனார். அப்பா இடது கையால் அவர் முகத்தைத் தடவினார், தலையைத் தடவினார், கையைப் பிடித்து விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “மாமாக்கு நம்ம மேல இவ்வளவு பிரியமா!” என்று என் கணவர் அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். குளித்துவிட்டு வந்து வழக்கம்போலக் கேட்டார்.

“கிழங்கு மயக்கலியா?”

மயக்கினேன். துடுப்புக்கட்டையால் கட்டியில்லாமல் குழைத்தேன். நெத்தோலியை நொறுக்கித் தூவினேன். பழக்கத்தில் ஒரு நுள்ளு எடுத்து ஊதி உள்ளங்கையில் வைத்துவிட்டேன். நல்ல மணம். கட்டிலிலிருந்து அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். கையைக் கழுவினேன். உப்பை ஒரு குத்துமதிப்பாகப் போட்டு இறக்கினேன்.

என் கணவர் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“கொள்ளாம். ஆனா உப்பு எங்க பிள்ளே? ஒங்க அப்பாவப் போல ஒனக்கும் நாக்கு செத்துப்போச்சா?”

நான் அப்பாவைப் பார்க்கவில்லை. உப்பு மரவையை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தேன்.

“ஆமா, வயசாச்சுல்லா” என்றேன்.